ஜாவா 11-க்கு மாறியதும் ஃபீலிக்ஸில் பண்டில் "இன்ஸ்டால்டு" நிலையிலேயே நிற்கிறது, உதவி வேண்டும்

பூக்கடைக்கணக்கு:
வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் எடைச்சீட்டு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. தராசிலிருந்து எடையை வாங்கி, விவசாயி பெயர், அந்த நேரத்து விலை, கமிஷன் எல்லாம் போட்டுச் சீட்டு அடிக்கும். கடைசியில் அன்றைய கணக்கை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி வைக்கும், அது ஆடிட்டருக்குப் போகும். அப்பாச்சி ஃபீலிக்ஸ் மேல் ஓஎஸ்ஜிஐ பண்டில்களாக ஓடுகிறது, அதாவது நிரலைத் தனித்தனி ஜார் துண்டுகளாக வைத்து, எது எதைக் கேட்கிறது என்று பார்த்து இணைத்து ஓட்டும் முறை.

போன வாரம் இடி மின்னலில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. அதில் ஜாவா 8 இருந்தது, புதிதாக வாங்கியதில் ஜாவா 11. பேக்கப்பில் இருந்த ஃபீலிக்ஸ் ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து போட்டேன், ஒரு வரி கூட மாற்றவில்லை. கன்சோலில் எல்பி (பண்டில் பட்டியலைக் காட்டும் கட்டளை) போட்டால் பூ.தராசு மட்டும் ஆக்டிவ். பூ.வடிவம், பூ.கணக்கு, பூ.சீட்டு மூன்றும் இன்ஸ்டால்டு, அதாவது ஏறியிருக்கின்றன, ஓடவில்லை. சீட்டைக் கையால் ஸ்டார்ட் செய்தால் வருவது இது:

அன்ஏபிள் டு ரிசால்வ் பூ.சீட்டு 14: மிஸ்ஸிங் ரெக்வயர்மென்ட் ஓஎஸ்ஜிஐ.வயரிங்.பேக்கேஜ்=பூ.கணக்கு, காஸ்ட் பை: அன்ஏபிள் டு ரிசால்வ் பூ.கணக்கு 12: மிஸ்ஸிங் ரெக்வயர்மென்ட் ஓஎஸ்ஜிஐ.வயரிங்.பேக்கேஜ்=பூ.வடிவம், காஸ்ட் பை: அன்ஏபிள் டு ரிசால்வ் பூ.வடிவம் 11: மிஸ்ஸிங் ரெக்வயர்மென்ட் ஓஎஸ்ஜிஐ.வயரிங்.பேக்கேஜ்=ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்

பூ.சீட்டைத் திரும்பத் திரும்ப பில்டு செய்து போட்டுப் பார்த்தேன். ஃபீலிக்ஸ்-கேஷ் ஃபோல்டரை அழித்தும் பார்த்தேன். பூ.கணக்கு ஜார் கண் முன்னால் இருக்கிறது, அதையே காணோம் என்கிறது. இரண்டு நாளாகக் கடையில் கையால்தான் சீட்டு எழுதுகிறார்கள். விடியற்காலையில் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும்போது, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விலை மாறும்போது, கையால் எழுதினால் எங்காவது ஒரு விவசாயிக்குப் பணம் குறையும். அதுதான் எனக்குப் பதற்றம்.

திருமங்கலம்_ஜாவா:
சகோ, இது ஜேஏஎக்ஸ்பி (JAXB, ஜாவா தரவை எக்ஸ்எம்எல் ஆக்கும் நூலகம்) பிரச்சினை. ஜாவா 9-இல் எனக்கு இதே வந்தது. ஜாவாவைத் தொடங்கும் வரியில் ஆட்-மாட்யூல்ஸ் என்று போட்டு ஜாவா.எக்ஸ்எம்எல்.பைண்ட் கொடுங்கள், சரியாகிவிடும்.

பூக்கடைக்கணக்கு:
போட்டேன் சகோ. இப்போது ஃபீலிக்ஸே எழவில்லை. மாட்யூல் ஜாவா.எக்ஸ்எம்எல்.பைண்ட் நாட் ஃபவுண்ட் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

ஒத்தக்கடை_பில்டு:
தம்பி, அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது 9-க்கும் 10-க்கும்தான் பொருந்தும். அந்தப் பதிப்புகளில் ஜேஏஎக்ஸ்பி ஜேடிகே (நாம் நிறுவும் ஜாவா தொகுப்பு) உள்ளேயே இருந்தது, ஆனால் கேட்டால்தான் திறக்கும். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் அதை மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள், கூடவே அதற்கு வேண்டிய ஜாவாக்ஸ்.ஆக்டிவேஷனும் போனது. இல்லாததை எந்த வரி போட்டும் திறக்க முடியாது.

இப்போது நீங்கள் ஒட்டியிருக்கும் பிழைச் செய்தியைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் வரும் பெயர் பூ.சீட்டு, அதனால் இரண்டு நாளாக அதையே பில்டு செய்திருக்கிறீர்கள். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. சீட்டுக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு வடிவம் வேண்டும், வடிவத்துக்கு ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் வேண்டும். அந்தக் கடைசிப் பேக்கேஜைக் கொடுக்க ஆளில்லை. ஒரு பண்டில் ரிசால்வ் ஆகவில்லை, அதாவது அது கேட்பதெல்லாம் கிடைக்கவில்லை என்றால் அது எக்ஸ்போர்ட் செய்யும் பேக்கேஜும் வெளியே போகாது, ஆகவே ஜார் கண் முன்னால் இருந்தாலும் மேலே இருப்பவர்களுக்கு அது இல்லாத கணக்குத்தான். கடைசி காஸ்ட் பை என்ன சொல்கிறதோ அதை மட்டும் சரி செய்தால் போதும், மேலே உள்ள மூன்றும் தானாக எழும்.

ஜாவா 8-இல் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். பண்டில் 0 என்பது சிஸ்டம் பண்டில், அதாவது ஃபீலிக்ஸ் ஃபிரேம்வொர்க்கே தான். ஜேடிகே-யில் இருக்கும் ஜாவாக்ஸ் பேக்கேஜ்களை அதுதான் மற்றவர்களுக்கு எக்ஸ்போர்ட் செய்யும். 8-இல் ஜேஏஎக்ஸ்பி அந்தப் பட்டியலில் இருந்தது, 11-இல் இல்லை. கன்சோலில் இன்ஸ்பெக்ட் கேப் ஓஎஸ்ஜிஐ.வயரிங்.பேக்கேஜ் 0 என்று போட்டு ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

ஆகவே அந்தப் பேக்கேஜைக் கொடுக்கும் ஒரு பண்டிலை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டும்.

கோரிப்பாளையம்77:
இவ்வளவு தூரம் போக வேண்டாம். வடிவம் பண்டிலின் மேனிஃபெஸ்டில் (ஜாரின் உள்ளே இருக்கும் விவரக் கோப்பு) இம்போர்ட்-பேக்கேஜ் வரியில் அந்தப் பேக்கேஜுக்குப் பக்கத்தில் ரெசல்யூஷன் ஆப்ஷனல் என்று போடுங்கள். ஐந்து நிமிட வேலை. எங்கள் ஆபீசில் அப்படித்தான் செய்தோம்.

பூக்கடைக்கணக்கு:
அண்ணே, ஆப்ஷனல் போட்டதும் எல்லாம் ஆக்டிவ் ஆகிவிட்டது. சந்தோஷமாகக் கடைக்குச் சொல்லிவிட்டேன். மனசு கேட்காமல் ஒரு டம்மி எடை வைத்து நாள் கணக்கை முடித்துப் பார்த்தேன். சீட்டு வந்தது, எக்ஸ்எம்எல் எழுதும் இடத்தில் நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட் எரர், ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்.ஜேஏஎக்ஸ்பி-கான்டெக்ஸ்ட் இல்லை என்று.

ஒத்தக்கடை_பில்டு:
இதற்காகத்தான் பயந்தேன். கோரிப்பாளையம் அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மென்பொருளில் அந்தப் பகுதியை யாருமே தொடாமல் இருந்திருக்கலாம், அப்படியென்றால் ஆப்ஷனல் சரிதான். இங்கே தினமும் தொடுகிறார்கள். ஆப்ஷனல் என்றால் "இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை" என்று பண்டில் கொடுக்கும் உறுதிமொழி. இல்லாவிட்டால் வேலை நடக்காது என்றால் அந்த வார்த்தையை எழுதக் கூடாது. காலையில் தொடங்கும்போதே தெரிய வேண்டிய குறை, பூவெல்லாம் விற்று முடித்துக் கணக்கை மூடும் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜில் நட்சத்திரம் (எந்தப் பேக்கேஜையும் ஓடும்போது தேடிக்கொள் என்பது) போடச் சொல்லியும் யாராவது வருவார்கள், அதுவும் இதே கதை. ஆப்ஷனலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி.

பூக்கடைக்கணக்கு:
எடுத்துவிட்டேன் அக்கா. மேவன் சென்ட்ரலில் (ஜாவா ஜார்களின் பொதுக் களஞ்சியம்) ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட்-ஏபிஐ என்று கிடைத்தது, இருப்பதில் புதிய வரிசை 4.0 எடுத்து பண்டில் ஃபோல்டரில் போட்டேன். மறுபடி அதே செய்தி, ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயர் அதேதானே?

ஒத்தக்கடை_பில்டு:
ஜாரின் பெயர் அதே, உள்ளே இருக்கும் பேக்கேஜ் வேறு. ஃபீலிக்ஸ் ஜாரின் பெயரைப் பார்க்காது, இம்போர்ட் வரியில் உள்ள பேக்கேஜ் பெயரைத்தான் எக்ஸ்போர்ட் வரிகளோடு ஒப்பிடும். புதிய ஜாரின் மேனிஃபெஸ்டைத் திறந்து எக்ஸ்போர்ட் வரியைப் பாருங்கள், ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட் என்றுதான் இருக்கும். உங்கள் கோடு கேட்பது ஜாவாக்ஸ்.

ஜாவா ஈஈ-யை (பெரிய நிறுவன மென்பொருளுக்கான ஜாவா தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தபோது ஜாவாக்ஸ் என்ற பெயரைத் தொடர்ந்து மாற்றி எழுதும் உரிமை கிடைக்கவில்லை. அதனால் ஜகார்த்தா ஈஈ என்று புதுப் பெயர் வைத்து, 2020 டிசம்பரில் வந்த அதன் 9-ஆம் பதிப்பில் பேக்கேஜ் பெயர்களையே மாற்றினார்கள். ஜேஏஎக்ஸ்பி-க்கு அந்த மாற்றம் 3.0-இல் வந்தது. ஜாரின் பெயர் மட்டும் அதற்கும் முன்பே ஜகார்த்தா என்று மாறிவிட்டது. இந்த இடைவெளியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும் ஒரு முழு நாள் இதில் விட்டிருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது அதே ஜாரின் 2.3.3 பதிப்பு. அது ஜகார்த்தா என்ற பெயரில் வந்தாலும் உள்ளே ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் தான். அதோடு ஜகார்த்தா.ஆக்டிவேஷன்-ஏபிஐ 1.2.2 போடுங்கள், ஜாவாக்ஸ்.ஆக்டிவேஷனை அது கொடுக்கும். 4.0-வை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மாற்றியபின் ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்க வேண்டாம், அது கொடுக்கும்வரை ஏற்கெனவே ரிசால்வ் ஆன பண்டில்கள் பழைய இணைப்பிலேயே இருக்கும்.

திருமங்கலம்_ஜாவா:
இன்னொரு வழியும் உண்டு. அந்த ஜார்களை ஃபீலிக்ஸ் தொடங்கும் கிளாஸ்பாத்தில் வைத்துவிட்டு, கான்ஃபிக் கோப்பில் சிஸ்டம்.பேக்கேஜஸ்.எக்ஸ்ட்ரா வரியில் பேக்கேஜ் பெயர்களைச் சேர்த்தால், ஜாவா 8 காலத்தில் இருந்ததுபோலவே பண்டில் 0 கொடுக்கும்.

ஒத்தக்கடை_பில்டு:
அது வேலை செய்யும், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பேக்கேஜ் பெயரையும் கையால் எழுத வேண்டும், ஜாரைப் பதிப்பு மாற்றினால் மொத்தத்தையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். பண்டிலாகக் கிடைக்கும் பொருளைப் பண்டிலாகவே போடலாம் என்பது என் எண்ணம்.

பூக்கடைக்கணக்கு:
அக்கா, நாலும் ஆக்டிவ், இந்த முறை ஆப்ஷனல் இல்லாமல்! ஆனால் டம்மி எடையில் இப்போது வேறு பிழை. இம்ப்ளிமென்டேஷன் ஆஃப் ஜேஏஎக்ஸ்பி-ஏபிஐ ஹாஸ் நாட் பீன் ஃபவுண்ட் ஆன் மாட்யூல் பாத் ஆர் கிளாஸ்பாத் என்கிறது.

வடபழஞ்சி_இரவுஷிஃப்ட்:
இடையில் வருகிறேன், இந்த இடத்தை நான் நன்றாக அறிவேன். நீங்கள் போட்டது ஏபிஐ மட்டும், அதில் இன்டர்ஃபேஸ்தான் இருக்கிறது. வேலை செய்யும் கோடு ஜேஏஎக்ஸ்பி-ரன்டைம் ஜாரில். அதே 2.3 வரிசையில் எடுங்கள், அதற்கு டிஎக்ஸ்டபிள்யூ2, ஐஸ்டாக்-காமன்ஸ்-ரன்டைம் என்ற இரண்டு ஜார்களும் வேண்டும்.

போட்டபின்னும் அதே பிழை வரலாம், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரன்டைமை ஏபிஐ தேடுவது இம்போர்ட் வரி வழியாக அல்ல, ஓடும் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) வழியாக மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் கோப்பைப் பார்த்து. ஓஎஸ்ஜிஐ-யில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனித்தனி கிளாஸ்லோடர், ஆகவே உங்கள் த்ரெட்டுக்கு ரன்டைம் பண்டில் இருப்பதே தெரியாது. ரிசால்வ் எல்லாம் சரியாக இருந்தும் ஓடும்போது விழுவது இதனால்தான்.

எளிய வழி: ஜேஏஎக்ஸ்பி-கான்டெக்ஸ்ட் உருவாக்கும் வரிக்கு முன்னால் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ரன்டைமில் உள்ள காம்.சன்.எக்ஸ்எம்எல்.பைண்ட்.வி2.கான்டெக்ஸ்ட்ஃபேக்டரி கிளாசின் கிளாஸ்லோடரை அங்கே வையுங்கள், உருவாக்கியதும் ஃபைனலி பகுதியில் பழையதைத் திருப்பி வையுங்கள். அந்தப் பேக்கேஜையும் இம்போர்ட் வரியில் சேருங்கள். கான்டெக்ஸ்டை ஒவ்வொரு சீட்டுக்கும் உருவாக்க வேண்டாம், அது கனமான வேலை, தொடங்கும்போது ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் குறை இருந்தாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கோடைத் தொட முடியாத இடம் என்றால் அப்பாச்சி ஏரிஸ் எஸ்பிஐ ஃப்ளை இருக்கிறது, இந்த சர்வீஸ்லோடர் சிக்கலுக்கென்றே எழுதப்பட்டது. உங்களிடம் சோர்ஸ் இருக்கிறது, அது தேவைப்படாது.

பூக்கடைக்கணக்கு:
ஓடிவிட்டது அண்ணே! ராத்திரி பத்தரைக்கு டம்மி கணக்கு முழுதாக எழுதியது, பழைய எக்ஸ்எம்எல் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டேன், தேதி நேரம் தவிர வித்தியாசம் இல்லை. விடியற்காலை கடையிலேயே நின்றேன். முதல் சீட்டு நிலக்கோட்டையிலிருந்து வந்த மல்லிகைக்கு அடித்தது. கையால் எழுதிய இரண்டு நாள் சீட்டையும் இன்றைக்கு உட்கார்ந்து ஏற்றப் போகிறேன்.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி. யாராவது பிற்பாடு தெரியாமல் மறுபடி 4.0-வைப் போட்டுவிட்டால்?

ஒத்தக்கடை_பில்டு:
கேட்டதே நல்லது. உங்கள் இம்போர்ட் வரியில் இப்போது பதிப்பு எண்ணே இல்லை, ஏனென்றால் அன்றைக்கு ஜேடிகே-யை வைத்து பில்டு செய்தார்கள், அதில் பேக்கேஜுக்குப் பதிப்பு கிடையாது. பிஓஎம் கோப்பில் (மேவனுக்கான பில்டு விவரக் கோப்பு) 2.3.3-ஐ டிபென்டன்சியாகச் சேர்த்து வடிவம் பண்டிலை மறுபடி பில்டு செய்யுங்கள். மேவன்-பண்டில்-பிளகின் உள்ளே இருக்கும், மேனிஃபெஸ்டை எழுதும் பிஎன்டி கருவி அந்த எண்ணைப் பார்த்து 2.3 முதல் 3-க்குக் கீழே என்று தானே எழுதிவிடும். பிறகு தப்பான ஜார் வந்தால் என்ன பதிப்பு வேண்டும் என்பதும் பிழைச் செய்தியிலேயே இருக்கும். பில்டு ஆனதும் மேனிஃபெஸ்டைத் திறந்து அந்த வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4.0-க்குப் போவதென்றால் கோடில் உள்ள ஜாவாக்ஸ் இம்போர்ட்களையெல்லாம் ஜகார்த்தாவாக மாற்றி, ஏபிஐ, ரன்டைம், ஆக்டிவேஷன் மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். பாதி அது பாதி இது என்று வைக்க முடியாது. பண்டிகைக் கூட்டம் இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பூக்கடைக்கணக்கு:
பில்டு செய்து பார்த்துவிட்டேன் அக்கா, எண் வந்திருக்கிறது. வேண்டுமென்றே 2.3.3-ஐ எடுத்துவிட்டு 4.0 போட்டும் பார்த்தேன், தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணோடு நின்றது. திரும்ப 2.3.3 வைத்துவிட்டேன். ஃபோல்டரில் எந்த ஜார் எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கடையில் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.