குறியியலை முதல் வகுப்பில் எங்கிருந்து தொடங்கலாம்?

வரைகலை_ஹட்டன்:
வணக்கம். ஏ/எல் முடித்த 20 பிள்ளைகளுக்கு வரைகலை வகுப்பு. குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று பார்க்கும் குறியியலுக்குக் கிடைப்பது 90 நிமிடப்படி மூன்று பாடவேளைதான். சசூர், பியர்ஸ் என்று இத்துறையின் முன்னோடிகளில் தொடங்கினால் குறிப்பான் (குறியின் வடிவம்), குறிப்பீடு (அது தரும் பொருள்) எல்லாம் மனனமாகிவிடுகிறது. ஒரு போஸ்டரைக் கையில் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கிறார்கள். நம் பக்கத்து உதாரணங்களோடு எப்படிக் கொண்டுபோவது?

கோடும்_நிறமும்:
நன்னூலில் தொடங்குங்கள். இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் ஓ/எல்லிலேயே படித்தவை. ‘மரம்’ காரணமில்லாமல் இட்ட இடுகுறி, ‘பறவை’ பறப்பதால் வந்த காரணப்பெயர். சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பில்லை என்ற சசூரிடம் பாதி வழி வந்தாயிற்று. மீதிப் பாதி: ஒரு குறிக்குப் பொருள் வருவது பக்கத்துக் குறியிலிருந்து அது வேறுபடுவதால். தோரணத்தைக் காட்டுங்கள். மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் அதே குருத்தோலைதான், மடிப்புத்தான் வேறு. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்கு அடித்த தப்பு மேளமும் சாவுக்கு அடிக்கும் தப்பும் அப்படித்தான், அடி வேறு.

இரண்டாம் வகுப்பு பியர்ஸின் மூன்று குறிவகைகளுக்கு. தேயிலைப் பெட்டியில் உள்ள கொழுந்துப் படம் உருக்குறி, பொருளைப்போலவே இருக்கிறது. பெக்டரிக் கூரைக்கு மேல் எழும் புகை சுட்டுக்குறி. உள்ளே அடுப்பு எரியாமல் அது வராது. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை மரபுக்குறி: இலங்கையிலேயே பொதி செய்த தூய இலங்கைத் தேயிலை என்று பொருள். சிங்கத்துக்கும் தேயிலைக்கும் வேறு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிழைக்கிற இடம் இதுதான். பிள்ளைகள் மூன்றையும் மூன்று பெட்டியாக்கி, படங்களைப் பிரித்துப் போடத் தொடங்குவார்கள். உடனே அதே சிங்கத்தைத் திரும்ப எடுங்கள்: சிங்கம்போல வரைந்திருப்பதால் உருக்குறியும்தானே? “இது எந்த வகை?” என்பதை விட்டு “இதில் எது எவ்வளவு?” என்று கேளுங்கள். ‘சின்னம்’ என்ற சொல் வேண்டாம், எல்லோருக்கும் தேர்தல்தான் ஞாபகம் வரும்.

அச்சுமை:
மூன்றாவதை மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒதுக்குங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி; சிவப்பென்றால் வெளியேற வேண்டும். வில்லங்கம் முதல் இரண்டில். பெயரிலேயே இரண்டும் மஞ்சள், போட்டோகொப்பியில் இரண்டும் சாம்பல். போதாததற்கு, வீட்டில் மஞ்சள் மங்கல நிறம்.

நிறமே இல்லாமல், கறுப்பு மட்டும் பாவித்து, 4 செ.மீ. சதுரத்தில் மூன்று படியையும் வரையச் சொல்லுங்கள். பிறகு வகுப்புக்கு வெளியே சோதனை: ஒருவருக்கு ஒரு படம்தான், வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. “விளங்குதா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்பார்கள். “இதைக் கண்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்க அன்சி இசட்535 தரம் 85 சதவீதம் சரியான விடை கேட்கிறது. ஆபத்தாகத் தலைகீழாய் விளங்கிக்கொள்வது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்துப் பேரை வைத்து அந்தக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் ஓட வேண்டிய படத்தை ஒருவர் ‘நில்’ என்று எடுத்தாலே திரும்ப வரையலாம்.

அதிகம் சறுக்குவது அம்புக்குறி. சரிவில் கீழ்நோக்கி ஓர் அம்பு: மண் வருகிறதா, கீழே ஓடச் சொல்கிறதா?

வரைகலை_ஹட்டன்:
நன்றி. படங்களின் உட்பொருளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த்தை எங்கே நுழைப்பது?

கோடும்_நிறமும்:
மூன்று வகுப்புக்குள் தனியாக வேண்டாம், வீட்டுவேலையாகக் கொடுங்கள். 1964 கட்டுரையில் அவர் ஒரு பாஸ்தா விளம்பரத்தில் தக்காளி, குடைமிளகாய், நிறங்கள் எல்லாம் சேர்ந்து ‘இத்தாலித்தன்மை’யைச் சொல்வதைப் பிரித்துக் காட்டினார். இவர்களுக்குத் தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண் போதும். முதலில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்: சேலை, கூடை, வெயில். அடுத்த தாளில் அது விற்கும் எண்ணம். மூன்றாவதில் படத்தில் இல்லாதவை: இடுப்பில் கட்டும் படங்கு, கடிக்கும் அட்டை, மழை, கொழுந்து நிறுக்கும் தராசு. மூன்றாவது தாள்தான் நீளும்.