‘படபடப்பு நல்லது’ என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

பிளஸ்டூ_கணக்கு கேட்கிறார்:

வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். அண்மையில் எங்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் பேச வந்தவர், மன அழுத்தம் உடலைக் கெடுப்பதே இல்லை என்றும், அது கெடுக்கும் என்ற எண்ணம்தான் கெடுக்கிறது என்றும், ஆகவே எண்ணத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்றும் அடித்துச் சொன்னார். அமெரிக்காவில் மன அழுத்தம் தங்கள் உடல்நலத்தைப் பாதிப்பதாக நம்பியவர்களுக்கு அகால மரண வாய்ப்பு 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்ற ஒரு கணக்கையும் திரையில் காட்டினார். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

இரண்டு மாணவர்களை மனத்தில் வைத்துக் கேட்கிறேன். ஒரு மாணவி வகுப்பில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவாள். ஆனால் தேர்வறையில் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தெரிந்த சூத்திரம்கூட மறந்துபோகிறது என்கிறாள். அவளிடம் நான் இதுவரை “பதறாதே, அமைதியாக இரு” என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது சரியான அறிவுரைதானா? இன்னொரு மாணவன், தந்தை படுக்கையில் விழுந்தபின் இரவு பதினொரு மணி வரை ஒரு புரோட்டாக் கடையில் வேலை செய்துவிட்டுக் காலையில் பாதி உறக்கத்தில் வந்து உட்காருகிறான். அவனிடம் போய் “அழுத்தம் உனக்கு நல்லது, அப்படி நினைத்துப் பழகு” என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எண்ணத்தை மாற்றுவது என்பது உண்மையில் யாருக்கு, எந்த அளவுக்கு உதவும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உளவியல்_முதுகலை எழுதுகிறார்:

அம்மா, உங்கள் மாணவியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய முடிவுகள் பெரும்பாலும் அவளைப் போன்றவர்களைப் பற்றியவைதான்.

ஜெரமி ஜேமிசன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களை ஆய்வகத்துக்கு அழைத்து மாதிரித் தேர்வு எழுதவைத்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும், தேர்வின்போது ஏற்படும் படபடப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, சில வேளைகளில் கூட்டவும் செய்யும், ஆகவே படபடப்பாக இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்ற சில வரிகள் முன்கூட்டியே சொல்லப்பட்டன. அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதிய உண்மையான தேர்விலும் கணித மதிப்பெண் கூடுதலாகவே இருந்தது. என் கண்ணில் இதைவிட முக்கியமானது வேறொன்று. உடல் எந்த அளவு விழித்தெழுந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு நொதியை உமிழ்நீரில் அளந்தபோது, அந்த வரிகளைக் கேட்டவர்களுக்கு அது குறையவில்லை, கூடியிருந்தது. அதாவது அவர்கள் அமைதியடைந்து நன்றாக எழுதவில்லை. படபடப்பு இருக்கும்போதே நன்றாக எழுதினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு உடலியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. சவாலாக எடுத்துக்கொண்டாலும் ஆபத்தாக எடுத்துக்கொண்டாலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். ஆனால் சவாலாகக் கொள்ளும்போது இரத்தக் குழாய்கள் தளர்ந்து இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஆபத்தாகக் கொள்ளும்போது குழாய்கள் இறுகிக்கொள்வதால் துடிப்புக்கேற்ற ஓட்டம் கிடைப்பதில்லை. அதே குழுவினர் 2012இல் மேடைப் பேச்சு போன்ற சூழலில் இதை அளந்து பார்த்து, படபடப்பு உதவக்கூடியது என்று சொல்லப்பட்டவர்களிடம் முதல் வகை மாற்றமே மேலோங்கியிருந்ததைக் கண்டார்கள்.

‘அமைதியாக இரு’ என்ற அறிவுரையைப் பொறுத்தவரை, ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பொருந்தும். பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு ஆகிய மூன்றிலும், தொடங்குவதற்கு முன் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்ற நோக்கில் அந்தப் படபடப்பை எடுத்துக்கொண்டவர்களே நன்றாகச் செய்தார்கள். பதற்றம், உற்சாகம் இரண்டிலுமே உடல் முறுக்கேறிய நிலையில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது எளிது, முறுக்கேறிய உடலைச் சட்டென்று அடக்குவது கடினம். அடக்க முடியாமல் போகும்போது, ‘என்னால் அமைதியாகக்கூட இருக்க முடியவில்லையே’ என்ற இரண்டாவது கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே உங்கள் அறிவுரையில் கருணை இருக்கிறது, ஆனால் பயன் குறைவு என்பது என் கருத்து.

பழைய_புள்ளியியலாளர் எழுதுகிறார்:

முகாமில் காட்டப்பட்ட அந்த 43 விழுக்காட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். இந்த எண் 2013இல் புகழ்பெற்ற ஓர் இணையச் சொற்பொழிவின் வழியாக உலகம் முழுவதும் பரவியது. பரவும் வழியில் அதன் பொருள் தேய்ந்துவிட்டது. மூல ஆய்வு 2012இல் வெளிவந்தது. 1998இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் சொன்ன விடைகளை, பின்னாளைய இறப்புப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். மிகுந்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னதோடு, அது தங்கள் உடல்நலத்தைப் பெரிதும் பாதித்திருப்பதாகவும் சொன்னவர்களிடம்தான் அந்த 43 விழுக்காடு காணப்பட்டது. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இதை வைத்து ‘நம்பிக்கைதான் கொன்றது’ என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே உடல் நலிந்தவர், தன் நலிவைத் தானே உணர்ந்து, ‘ஆம், அழுத்தம் என்னைப் பாதித்திருக்கிறது’ என்று உண்மையாகவே விடை சொல்லியிருக்கலாம் அல்லவா? வயது, வருமானம், நோய் போன்றவற்றைக் கணக்கில் கழித்தாலும் இந்த ஐயம் முழுவதும் தீராது. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்துச் சோதித்த ஆய்வு அன்று அது; கேட்டுக் குறித்துக்கொண்ட ஆய்வு. மேலே நண்பர் குறிப்பிட்டவை சோதனைகள் என்பதால் அவற்றின் எடை வேறு.

சோதனைகளிலும் எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆலியா கிரம் என்ற உளவியலாளரின் குழுவினர் 2013இல் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் ஊழியர்களுக்கு, அழுத்தத்தின் நற்பயன்களைக் காட்டும் சிறு காணொளிகளை ஒரு வார காலத்தில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களின் மனநிலையும் வேலைத்திறனும் உயர்ந்ததாக முடிவு வந்தது. ஆனால் அந்த வேலைத்திறன் ஊழியர்கள் தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண். ஆய்வு பயனற்றது என்று நான் சொல்லவில்லை; முகாமில் கைதட்டல் வாங்கும் அளவுக்கு அது கனமானதன்று என்றுதான் சொல்கிறேன்.

இரவுப்பணி_செவிலி எழுதுகிறார்:

புரோட்டாக் கடைக்குப் போகும் அந்தத் தம்பியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். தேர்வுக்கு முந்தைய படபடப்பு சிறிது நேரத்தில் வந்து போவது. அதற்கு எதிரில் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு இருப்பது உறக்கமின்மையும் பணமின்மையும். மாதக்கணக்கில் அழுத்தச் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, நோய் எதிர்ப்பு ஆற்றல் என்று ஒவ்வொன்றாகத் தேய்கிறது என்பதை நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்கள். இந்தத் தேய்மானத்தை எண்ணத்தால் ஈடுகட்ட முடியும் என்று சொல்பவர் தொடர்ந்து இரவுப் பணி பார்த்தவராக இருக்க மாட்டார்.

லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வொயிட்ஹால் ஆய்வில், தன் வேலையின் மீது தனக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கே இதய நோய் கூடுதலாக வந்தது. வேலைப்பளு மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. பளுவும் இருந்து, அதை மாற்றும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் சாய்க்கிறது. எங்கள் மருத்துவமனையிலும் பணிக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்டபோது மன வலிமைப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள், கூடுதல் ஆட்களைப் போடவில்லை. அழுத்தத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றச் சொல்வது, அழுத்தத்தை உண்டாக்குபவர் கையில் நல்ல ஆயுதமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தம்பிக்கு உதவித்தொகை ஏதேனும் கிடைக்குமா, தேர்வு முடியும் வரை வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் யாராவது பேச முடியுமா என்று பாருங்கள்.

பிளஸ்டூ_கணக்கு எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. மாணவன் விஷயமாகத் தலைமையாசிரியரிடம் நாளை பேசுகிறேன். சகோதரி சொன்னது என் மனத்தில் இருந்ததுதான், ஆனால் சொல்ல வகை தெரியாமல் இருந்தது. மாணவியிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இன்னும் சற்றுத் திட்டமாகச் சொல்ல முடியுமா? தேர்வு வாசலில் நின்று “படபடப்பு நல்லது” என்று கூவினால் போதுமா?

உளவியல்_முதுகலை எழுதுகிறார்:

போதாது அம்மா. செவிலியர் சகோதரி சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அதையே உங்கள் கேள்விக்கும் பொருத்தலாம். நெருக்கடி வரும்போது மனம் இரண்டு மதிப்பீடுகளைச் செய்கிறது என்றார் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ்: இதனால் எனக்கு என்ன ஆகும் என்பது ஒன்று, இதற்கு என்னால் என்ன செய்ய முடியும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உண்மையான விடை இருந்தால்தான் முதலாவதை மாற்றிச் சொல்வதில் பொருள் உண்டு. உங்கள் மாணவிக்குக் கணக்கு தெரியும்; ஆகவே அவளிடம் சொல்லலாம். படிக்காமல் வந்தவனிடம் இதைச் சொல்வது வீண்.

‘நல்லது’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். அவள் நம்ப மாட்டாள். “இதயம் வேகமாகத் துடிப்பது மூளைக்கும் தசைக்கும் கூடுதல் இரத்தம் அனுப்புவதற்காக, உடல் தேர்வுக்குத் தயாராகிறது, அதை நிறுத்த வேண்டியதில்லை, அது துடிக்கட்டும், நீ கணக்கைப் பார்” என்ற அளவில், காரணத்தோடு சொல்லுங்கள். பொதுத்தேர்வு அன்று முதன்முதலாகச் சொல்லாமல் மாதத் தேர்வுகளிலிருந்தே தொடங்குங்கள். தேர்வுக்குமுன் பத்து நிமிடம், தன் படபடப்பு எப்படி உதவக்கூடும் என்பதை அவளையே தன் சொற்களில் எழுதச் செய்யலாம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்களிடம் இத்தகைய எழுத்துப் பயிற்சிகளைச் செய்து பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் மாணவர்களுள் தோல்வியடைந்தோர் 39 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தனர். வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க முதல் பத்து நிமிடம் கொடுக்கிறார்களே, அவளுக்குப் படபடப்பு உச்சத்தில் இருப்பது அப்போதுதான் என்று தோன்றுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் தனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு வினாக்களை முதலில் கண்டுபிடித்து, விடைத்தாளை அவற்றில் தொடங்குவது என்று இப்போதே பழக்கிவிடுங்கள். மறதிக்கும் படபடப்புக்கும் அப்பால், வாரக்கணக்கில் உறக்கமின்மை, மூச்சு முட்டுவதுபோன்ற தாக்குதல்கள், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் இந்த முறைகள் எதையும் நம்பிக் காத்திராமல் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.