மிக்ஸ்டு ஸ்டேட்டஸ் ஃபேமிலி: தமிழில் என்ன?

க. எழுதியது:
நண்பர்களே, சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்குள் அனுப்பியாக வேண்டும். அமெரிக்க, மெக்சிகோ ஆய்வாளர்கள் சேர்ந்து லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) குடும்பங்களை ஆராய்வது பற்றியது. ஹோர்ஹே துராந்தும் டக்ளஸ் மாஸியும் 1982இல் தொடங்கிய மெக்சிகன் மைக்ரேஷன் ப்ராஜெக்டில் மெக்சிகோ ஊர்களில் வீடுவீடாகக் கேட்டுவிட்டு, அதே ஊர்க்காரர்களை அமெரிக்காவிலும் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். அதெல்லாம் முடித்துவிட்டேன். சிக்கல் 'மிக்ஸ்டு ஸ்டேட்டஸ் ஃபேமிலி' என்ற சொல். அப்பா அம்மாவுக்குக் குடியேற்ற ஆவணம் இல்லை, சிறுவயதில் கூட்டிவந்த மூத்த மகளுக்கு 2012இல் வந்த டாக்கா (வங்கதேசத் தலைநகர் அல்ல, சிறுவயதில் வந்தவர்களை நாடுகடத்தாமல் விடும் அமெரிக்க ஏற்பாடு!) தரும் தற்காலிகப் பாதுகாப்பு, அமெரிக்காவிலேயே பிறந்த கடைக்குட்டி குடிமகன். எல்லாரும் ஒரே வீட்டில். 'கலப்புநிலைக் குடும்பம்' சரிவருமா?

வெ. எழுதியது:
வராது. 'கலப்பு' என்றதும் மாணவர் கலப்பு மணம் என்று எடுத்துக்கொண்டு, அப்பா ஒரு சாதி அம்மா ஒரு சாதி என்று தேர்வில் எழுதிவைப்பார். 'நிலை'யும் அந்தஸ்து மாதிரி ஒலிக்கிறது. 'வேற்றுரிமைக் குடி' என்க. குடும்பம் வடசொல்லா என்ற வம்பும் தீரும்.

சு. எழுதியது:
ஐயா, குடி என்றால் டாஸ்மாக் நினைவுக்கு வரும் வகுப்பு அது. குடும்பத்தை வள்ளுவரே குடிசெயல்வகையில் ஆண்டுவிட்டார், உத்திரமேரூரே 30 குடும்பாகப் பிரிந்திருந்தது, இனி என்ன வம்பு? 'ஆவணம் வேறுபட்ட குடும்பம்' போதும்.

வெ. எழுதியது:
குடும்பு ஊரின் பிரிவு, அதை இங்கே இழுக்காதீர். ஆவணம் என்றால் கடைத்தெரு என்பதும் உமக்குத் தெரியும். வடமொழி ஆபணத்திலிருந்து வந்தது என்பார்கள், நான் ஒப்பவில்லை. ஓலை பார்க்கும் 'ஆவண மாக்கள்' அகநானூறு 77இலேயே இருக்கிறார்கள், அந்த ஆவணமும் கடைத்தெரு ஆவணமும் ஒரே வேரா என்று தனியே எழுதுகிறேன்.

ம. எழுதியது:
தனியே எழுதுங்கள் ஐயா, அவருக்கு வெள்ளிக்கிழமை கெடு. நான் சொல்ல வந்தது வேறு. எல்லைக்கு அமெரிக்கப் பக்கம் மட்டும் பார்த்துப் பெயர் வைக்கிறீர்கள். பெற்றோர் மெக்சிகோ திரும்பினால் நிலைமை தலைகீழ். அங்கே அவர்கள் குடிமக்கள், அமெரிக்காவில் பிறந்த பையன்தான் காகிதம் இல்லாமல் நிற்பான். அவனுடைய அமெரிக்கச் சான்றிதழ்களில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்துக்குத் தரும் சான்று) முத்திரை வேண்டும் என்று 2015 வரை மெக்சிகோ பள்ளிகளில் கேட்டார்கள். மெக்சிகோவில் பிறந்த பெற்றோரின் பிள்ளை என்பதால் அந்நாட்டுக் குடியுரிமைக்கு அவனுக்குச் சட்டப்படி இடமுண்டு, பதிவுதான் இல்லை. ஆக உரிமை இருக்கிறது, ஆவணம் இல்லை. 'வேற்றுரிமை' இங்கே பொய்யாகிறது. இரு நாட்டு ஆய்வாளரும் சேராவிட்டால் அந்தப் பையன் ஒரு நாட்டுக் கணக்கில் ஊரைவிட்டுப் போனவன், அவ்வளவுதான். போய் என்ன ஆனான் என்று யார் கேட்பது?

சு. எழுதியது:
அப்போ 'ஆவணநிலை வேறுபட்ட குடும்பம்'. மூன்று சொல், பரவாயில்லை.

க. எழுதியது:
நன்றி. அதையே முதலில் போட்டு, பிறகு 'வேறுநிலைக் குடும்பம்' என்று சுருக்கிக்கொள்கிறேன். அனுப்பப் போகிறேன்.

வெ. எழுதியது:
என் மறுப்பு இருக்கட்டும். 'ஆவணநிலை' என்றால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பது போலிருக்கிறது. சரி, லத்தீனோவுக்கு முன்னால் இகரம் போட்டீரா?