மூன்று டொமைன், ஒரே சேர்வர்: மெயில் அலியாஸ் பற்றி உதவி வேண்டும்

வணக்கம். லினக்ஸ் மெயில் சேர்வர் பழக்கமுள்ள அண்ணாமார், அக்காமார் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரர் சங்கம், ஒரு நெசவுக் குழு, ஒரு முன்பள்ளி, மூன்றுக்கும் ஒரே சேர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். மூன்றின் டொமைனையும் மைடெஸ்டினேஷனில் (சேர்வர் தன் சொந்த டொமைனாக எடுத்துக்கொள்ளும் பட்டியல்) எழுதியது என் பிழை. அங்கே எழுதினால் அட் குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும்தான் பார்க்கும். மூன்று டொமைனிலும் உள்ள 'இன்போ' என்ற முகவரிக்கு வரும் மெயில் ஒரே ஆளுக்கே போகும். போன கிழமை நெசவுக் குழு அக்கா கோல் எடுத்து, "தம்பி, காலபோகத்துக்கு விதைநெல் கேட்டு எனக்கு மெயில் வந்திருக்கு" என்றார். கேட்டவர் நான்கு நாள் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். அது மனதை உறுத்துகிறது.

டொமைன்களை அங்கிருந்து எடுத்து, வேர்ச்சுவல் அலியாஸ் டொமைனாக (ஒவ்வொரு முழு முகவரியும் யாருக்குப் போகவேண்டும் என்று தனியாக எழுதும் முறை) மாற்றி, முழு முகவரிகளை மப் என்ற பட்டியலில் எழுதி, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்ற போஸ்ட்மப் கட்டளையை ஓட்டினேன். 'இன்போ' சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத சிஸ்டம் யூசர்களுக்கு (சேர்வரிலேயே கணக்கு உள்ளவர்களுக்கு) வரும் மெயில் எல்லாம் 'யூசர் அன்நோன்' என்று திரும்புகிறது.

இருபது யூசர்களையும் டொமைன் டொமைனாகக் கையால் எழுதத்தான் வேண்டுமா? டொமைன் முழுவதையும் ஒரே வரியில் லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது இதே சேர்வருக்கு, திருப்பினால், இல்லாத பெயருக்கு வரும் ஸ்பாமையும் சேர்வர் முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு பவுன்ஸ் பண்ணும் (அனுப்பிய முகவரிக்கே திருப்பி அனுப்பும்). அதற்குப் பயமாக இருக்கிறது. யூசர் பட்டியலில் இருந்து அந்த மப்பைத் தானாக உருவாக்கும் ஸ்கிரிப்ட் யாராவது வைத்திருக்கிறீர்களா? அப்புறம், ரூட், போஸ்ட்மாஸ்டர் என்ற நிர்வாக முகவரிகள் இரண்டையும் மூன்று டொமைனுக்கும் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.