ஸ்லோ குக்கரில் குறைந்த கலோரிச் சமையல்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோ, கனடாவிலிருந்து

மணிக்கணக்கில் மெதுவாக வேக வைக்கும் மின் பாத்திரமான ஸ்லோ குக்கரை வாங்கினாலே உடல் எடை குறைந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்களைப் பார்க்கிறேன். உள்ளே எதைப் போடுகிறோமோ அதன் கலோரிதான் தட்டுக்கும் வரும். மெதுவாக வேகிறது என்பதற்காக எதுவும் குறைந்துவிடாது. ஆயினும், என் கணவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடத் தொடங்கிவிட்டது என்று குடும்ப மருத்துவர் எச்சரித்த பிறகு, எங்கள் வீட்டில் எண்ணெயையும் சோற்றையும் குறைக்க உண்மையிலேயே கைகொடுத்தது இந்தப் பாத்திரம்தான். அது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது காரணம் மாலைப் பசி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பனிக்காலத்தில் இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. வழியில் உள்ள கடைகளிலோ ரோல்ஸும் கொத்து ரொட்டியும் சுடச்சுடக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் அளவுக்கு மீறி உண்ட நாள்கள் எல்லாமே அப்படிக் களைத்து வந்த நாள்கள்தான். காலையில் எல்லாவற்றையும் பாத்திரத்தில் இட்டு, மூடி, குறைந்த வெப்பத்தில் வைத்துவிட்டுப் போனால், வாசற்கதவைத் திறக்கும்போதே கறி மணம் வருகிறது. சாப்பாடு ஆயத்தமாக இருக்கிறது என்பது மனதில் இருக்கும்போது கடைப்பக்கம் கால் திரும்புவதில்லை. ஆரோக்கியமான உணவு பற்றிய அறிவுரைகள் பலவும் என்ன உண்ண வேண்டும் என்பதையே பேசுகின்றன; அந்த உணவு பசிக்கும் நேரத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது காரணம் எண்ணெய். சட்டியில் கறி வைக்கும்போது வெங்காயம் அடிப்பிடிக்காமல் இருப்பதற்காகவே கை தாராளமாக ஊற்றிவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. மூன்று கரண்டி போனால், அதை ஈடுகட்ட ஒரு தட்டுச் சோற்றையாவது விட்டாக வேண்டும். ஸ்லோ குக்கரில் பெரும்பாலும் பீங்கான் கலத்தின் பக்கங்களிலிருந்து மிதமான சூடு பரவுகிறது, மேலே எழும் ஆவி மூடியில் பட்டு மீண்டும் உள்ளேயே விழுகிறது. ஆகையால் அடிப்பிடிக்கும் என்ற அச்சமே இல்லை, எண்ணெய்க்கும் அங்கே வேலை இல்லை. நம் யாழ்ப்பாணக் கறித்தூள் இதற்கென்றே அமைந்தது போன்றது. மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம், சீரகம், மிளகு எல்லாம் வறுத்த பிறகே திரிக்கப்படுவதால், அதை மறுபடியும் எண்ணெயில் வதக்காமல் நேரே போட்டாலும் பச்சை வாடை அடிப்பதில்லை.

நாங்கள் அடிக்கடி வைப்பது கோழியும் பருப்பும் பார்லியும் சேர்ந்த ஒரு கூழ்க்கறி. காரட் 300 கிராமைப் பெரிய துண்டுகளாக வெட்டி அடியில் பரப்புவேன். கிழங்கும் காரட்டும் இறைச்சியைவிட மெதுவாகவே வேகும் என்பதால், அவை சூடு கூடிய அடியிலும் ஓரத்திலும் இருக்க வேண்டும். அதன்மேல் வெங்காயம் 200 கிராம், கழுவிய மைசூர்ப் பருப்பு 150 கிராம், பார்லி 100 கிராம், ஒரு டின் தக்காளி, இஞ்சி, உள்ளி (பூண்டு), கறிவேப்பிலை, கறித்தூள், உப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தோலும் வெள்ளைக் கொழுப்பும் நீக்கிய எலும்பில்லாத கோழித் தொடை இறைச்சி அரைக் கிலோ. பருப்பும் பார்லியும் குடித்துக்கொள்ளும் அளவுக்கு, அதாவது ஒரு லீட்டரை ஒட்டித் தண்ணீர் விடுவேன். தானியம் சேராத வெறுங்கறி என்றால், அடுப்பில் விடும் தண்ணீரில் பாதி போதும். ஆவியாகிப் போவது மிகச் சிறிதளவே.

கொழுப்புக் குறைவு என்று எல்லோரும் நெஞ்சிறைச்சியையே வாங்குகிறார்கள். ஏழெட்டு மணி நேரம் வெந்த நெஞ்சிறைச்சி வாயில் நார் நாராகத் தங்கும், சாறே இருக்காது. தோல் நீக்கி, கொழுப்பைச் சீவி எடுத்த தொடை இறைச்சிக்கும் நெஞ்சிறைச்சிக்கும் பச்சையாக இருக்கும்போது கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே 100 கிராமுக்கு 120 கலோரியை ஒட்டியே வரும். தொடை இறைச்சியோ நீண்ட வேக்காட்டில் மென்மையாகி, அகப்பையால் தொட்டாலே பிரிந்து பருப்போடு கலந்துவிடும். இந்த அளவை ஆறு பேருக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு ஏறத்தாழ 300 கலோரியும் 25 கிராமுக்குக் குறையாத புரதமும் கிடைக்கின்றன. பார்லி உள்ளேயே இருப்பதால் தனியாகச் சோறு வேண்டியதில்லை என்பதே எனக்கு இதில் பெரிய நிம்மதி. கறி எவ்வளவு கொழுப்பில்லாமல் இருந்தாலும், பக்கத்தில் ஒரு குன்று சோறு இருந்தால் சர்க்கரை குறையப் போவதில்லை.

தேங்காய்ப்பால் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு டின் கெட்டித் தேங்காய்ப்பாலில், வகையைப் பொறுத்து, 700 முதல் 800 கலோரி வரை இருக்கும். மேலே சொன்ன கறியில் அதை முழுவதும் ஊற்றினால் ஒவ்வொருவர் பங்கிலும் நூறு கலோரிக்கு மேல் ஏறிவிடும். நான் அதை அறவே விலக்கவில்லை. நம் நாவுக்கு அது வேண்டும். இறக்குவதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக் கலந்தால் மணமும் வெண்மையும் வந்துவிடுகின்றன. நெடுநேரம் வெந்தால் அது திரிந்து எண்ணெய் பிரிவதும் உண்டு. ஆகவே கடைசியில் சேர்ப்பது சுவைக்கும் நல்லது.


சிகாகோ, அமெரிக்காவிலிருந்து

ஸ்காபரோ சகோதரியின் பதிவில் சைவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டதே என்பதால் எழுதுகிறேன். இந்தப் பாத்திரம் பிறந்ததே பயறு வேக வைப்பதற்காகத்தான். எங்கள் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர், லித்துவேனியாவில் தம் தாயார் வளர்ந்த ஊரில், யூதர்களின் ஓய்வு நாளுக்காக ரொட்டிக்கடை அடுப்பின் தணலில் இரவெல்லாம் வெந்த சோலண்ட் என்ற பயற்றுக் கலவையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர். அதை வீட்டிலேயே வேக வைக்கும் மின் பாத்திரம் ஒன்றுக்கு 1936இல் விண்ணப்பித்து, 1940இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை 1970இல் வாங்கிய ரைவல் நிறுவனம், மறு ஆண்டே அதைக் க்ராக் பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நான் பெரும்பாலும் வைப்பது சாம்பார். துவரம் பருப்பை ஊற வைத்து, மஞ்சள் தூளும் பெருங்காயமும் சேர்த்து, கூடுதல் வெப்பத்தில் நான்கு மணி நேரமாவது விட்டால்தான் குழைகிறது. புளியைத் தொடக்கத்தில் கரைத்து ஊற்றவே கூடாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகுவதற்கு வெகு நேரமாகும். மணிக்கணக்கில் வெந்தும் பருப்பு கட்டை கட்டையாக நிற்கும். பருப்பு மசிந்த பிறகு புளியும் சாம்பார்ப் பொடியும் காய்களும் சேர்த்து மேலும் ஒரு மணி நேரம் விடலாம். பூசணி, முள்ளங்கி, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் என்று காய்களை இரட்டிப்பாக்கிவிட்டால், அதையே ஒரு பெரிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஒரே ஒரு இட்லியோடு இரவு உணவை முடித்துக்கொள்ள முடிகிறது.

சகோதரியிடமிருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறேன். எண்ணெய்க்கு வேலையே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீண்ட நேரம் வேகும்போது மசாலாவின் மணம் மங்கிவிடுகிறது. ஒரே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கடைசியில் கொட்டினால் சாம்பார் உயிர் பெற்றுவிடும். அதற்குச் செலவு 40 கலோரிதான், அதுவும் முழுப் பாத்திரத்துக்கும் சேர்த்து. பத்தியச் சாப்பாடு என்று வீட்டில் யாரும் முகம் சுளிக்காமல் இருந்தால்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும்.

ராஜ்மா சமைப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். எங்கள் அலுவலகத்தில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் மதிய விருந்து ஒன்றில், ஒருவர் ஊற வைத்த சிவப்பு ராஜ்மாவைக் கொதிக்க வைக்காமல் நேரே ஸ்லோ குக்கரில் வேக வைத்துக் கொண்டுவந்திருந்தார். பார்ப்பதற்கு நன்றாகவே வெந்திருந்தது. உண்டவர்களில் சிலருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் குமட்டலும் தொடர் வாந்தியும் வந்து, அந்தப் பிற்பகல் முழுவதும் அவதிப்பட்டார்கள். ராஜ்மாவில் இயற்கையாகவே உள்ள பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு கொதிநிலையில்தான் அழியும். 80 பாகை செல்சியஸ் அளவில் அரைகுறையாகச் சூடேறிய ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை கொள்ளக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் அடுப்பில் நன்றாகக் கொதிக்க விட்ட பிறகே ஸ்லோ குக்கரில் இட வேண்டும் என்பது அதன் அறிவுரை. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது என்பதால் பயமில்லை. மைசூர்ப் பருப்புக்கும் பாசிப்பயறுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவசர நாளில் அவற்றையே நாடுங்கள்.


லெஸ்டர், இங்கிலாந்திலிருந்து

நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள். என் சமையல் இரவில் நடக்கிறது. காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். எனக்கும் உடன் இருக்கும் அம்மாவுக்கும் ஆட்டுக்கறி இல்லாமல் ஆகாது. கொழுப்பு என்று பயந்து அதை விட்டுவிடத்தான் இருந்தோம். ஸ்லோ குக்கரில் ஒரு வழி கிடைத்தது.

தொடைக்கறியை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், தக்காளியோடு இரவெல்லாம் குறைந்த வெப்பத்தில் விட்டுவிடுகிறேன். விறைப்பான சவ்வெல்லாம் கரைந்து, கறி பஞ்சாகிவிடும். உருகிய கொழுப்பு முழுவதும் மேலே மிதக்கும். உடனே உண்ணாமல் ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அந்தக் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். கரண்டியின் விளிம்பால் ஓரத்தை நெம்பினால் உடையாமல் அப்படியே கழன்று வரும். ஒரு மேசைக்கரண்டி கொழுப்பே நூறு கலோரிக்கு மேல் என்பதால், நீக்கிய பிறகு குழம்பு எவ்வளவு இலேசாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கீழே இருப்பது கட்டியான சாறு. சூடாக்கினால் மறுபடியும் இளகும். அதில் சுரைக்காயும் முட்டைக்கோசும் போட்டுப் பெருக்கிக்கொள்கிறேன்.

ஆற வைப்பதில் அலட்சியம் வேண்டாம். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. முழுக் கலத்தையும் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கினால் அது பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். மறுநாள் சூடாக்குவது அடுப்பில்தான். குளிர்ந்த கறியை ஸ்லோ குக்கரில் சூடேற்றினால் அதே ஆபத்தான வெப்பத்தை மெதுவாகக் கடந்து வர வேண்டியிருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உறைந்த இறைச்சியை நேரே உள்ளே போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இளக வையுங்கள். வேகும்போது மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்ப 20 நிமிடத்துக்குக் குறையாது.

கீரையையும் தயிரையும் எப்போது சேர்ப்பது என்று அம்மாவின் தோழி ஒருவர் கேட்டார். மற்றவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கலாம். கீரையைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போட்டால் பச்சை மாறாமல் இருக்கும். குக்கரை அணைத்த பிறகு, தயிரை நன்றாகக் கடைந்து, கொஞ்சம் சூடான குழம்பை அதில் கலந்து பதப்படுத்திய பின் சேர்த்தால் திரியாது. கொழுப்பு நீக்கிய தயிர் சீக்கிரம் திரியும் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மீன் குழம்புக்குப் புளியும் தக்காளியும் வெங்காயமும் மட்டும் முதலில் வேகட்டும். மீன் துண்டுகளைக் கடைசி அரை மணி நேரத்தில் இறக்கினால் போதும்.