எத்தனை முறை லிப் பாம் போட்டாலும் உதட்டு வெடிப்பு ஆறவில்லை, ஏன்?

கேள்வி: காற்றாடி

உதடு காய்ந்து தோல் உரிகிறது. கீழுதட்டின் நடுவில் ஒரு வெடிப்பு ஆறுவதும் மறுபடி பிளப்பதுமாகவே இருக்கிறது. பூசியதும் சில்லென்று இருக்கும் லிப் பாம்தான் போடுகிறேன். அரை மணி நேரம் இதமாக இருக்கும், பிறகு முன்பைவிட அதிகமாக இழுக்கிறது. தண்ணீரும் நிறையக் குடித்துப் பார்த்தாயிற்று. இதை எப்படி ஆற்றுவது? தேன்மெழுகு வைத்து வீட்டிலேயே பாம் செய்வதானால் அளவு என்ன? வீட்டில் ஆறு வயதுக் குழந்தைக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருக்கிறது. அதுவும் இதே பிரச்சினைதானா?

பதில்: களிம்பு

முதலில் அந்தச் சில்லென்ற பாமை நிறுத்துங்கள். மெந்தால், கற்பூரம் இரண்டும் நரம்புக்குக் குளிர்ச்சி போலத் தோன்ற வைக்கும், ஆனால் வெடித்த தோலை எரிச்சல்படுத்தும். எரிச்சலில் தோல் மேலும் உரியும், உரிந்ததும் கை மறுபடி அதே பாமைத்தான் தேடும். ஆறாத வெடிப்புகளில் பலவற்றுக்கு இந்தச் சுழற்சிதான் காரணம். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், பட்டை எண்ணெய், ஃபீனால், சாலிசிலிக் அமிலம், வாசனைப் பொருள் என்று எது இருந்தாலும் ஆறும்வரை அது வேண்டாம்.

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் அநேகமாக இல்லை. மேலே இருக்கும் காப்பு அடுக்கும் முகத்தோலில் இருப்பதைவிட மிக மெல்லியது. ஈரம் சீக்கிரம் போய்விடும், அதைத் தடுக்க எண்ணெய் தானாக ஊறவும் ஊறாது. உடம்பில் நீர் குறைந்திருந்தால் தண்ணீர் குடிப்பது உதவும். உதட்டின் வழியாக ஈரம் வெளியேறுவதை அது நிறுத்தாது, அதற்கு மேலே ஒரு படலம் வேண்டும். அந்த வேலைக்கு வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஜெல்லி தானாக ஈரம் தராது, இருப்பதைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த உதட்டில் போட்டால் பாதிப் பலன். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, உதட்டின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். தேய்க்க வேண்டாம். சொட்டும் தண்ணீரை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, உதடு ஈரமாக இருக்கும்போதே பட்டாணியில் பாதியளவு ஜெல்லியைப் பூசுங்கள். உதட்டின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் படட்டும். பகலில் ஐந்தாறு முறை, சாப்பிட்டு வாய் துடைத்ததும் மறக்காமல் ஒரு முறை, படுக்கும் முன் கெட்டியாக ஒரு பூச்சு. கிளிசரின் போட விரும்பினால் அதன் மேல் ஜெல்லியும் போட வேண்டும். வறண்ட காற்றில் கிளிசரின் மட்டும் இருந்தால் அது உள்ளே இருக்கும் ஈரத்தையே மேலே இழுக்கும்.

நடு வெடிப்பு மறுபடி மறுபடி பிளப்பதற்குத் தோலைப் பிய்ப்பதும் காரணமாக இருக்கலாம். செத்த தோலின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், மறுமுனை உயிருள்ள தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் அதுவும் சேர்ந்து கிழியும். ஊறிய பிறகு தூக்கி நிற்கும் நுனியை மட்டும் சுத்தமான சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். சர்க்கரை ஸ்க்ரப் எல்லாம் வெடிப்பு மூடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் காரணம் வேறு என்று அர்த்தம்.

பதில்: சிறுதுளி

குழந்தையின் வாயைச் சுற்றி இருப்பது உதட்டை நக்குவதால் வரும் அழற்சியாக இருக்கலாம். நாக்கு எட்டும் இடம்வரை சிவந்து சொரசொரவென்று இருக்கும், அதைத் தாண்டியதும் தோல் பளிச்சென்று சரியாக இருக்கும். அந்த எல்லைக்கோடுதான் அடையாளம். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோகும். அதில் உள்ள செரிமான நொதிகளும் தோலை அரிக்கும்.

திட்டி நிறுத்த முடியாது. நாக்கு வெளியே வரும்போதெல்லாம் ஜெல்லியைப் பூசிவிடுங்கள், சிவந்த வட்டம் முழுவதும் மூடும்படி. இனிப்புச் சுவை சேர்த்த பாம் கொடுத்தால் அந்தச் சுவைக்காகவே நக்கும். பல் துலக்கியதும் வாயைச் சுற்றி நன்றாகக் கழுவிவிடுங்கள், டூத்பேஸ்ட் நுரையும் புதினாச் சுவையும் கூட எரிச்சல் தரும். ஸ்டீராய்டு களிம்பை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்களாக வரும் இன்னொரு வகை உண்டு, அது ஸ்டீராய்டால் பெருகும்.

பதில்: மெழுகுத்துளி

பாம் அளவு எடைக் கணக்கில்: தேன்மெழுகு 10 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) 10 கிராம், பாதாம் அல்லது ஆலிவ் எண்ணெய் 20 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், துருவிய மெழுகு ஒவ்வொரு முறையும் வேறு எடை நிற்கும்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து முதலில் மெழுகை மட்டும் உருக்குங்கள். அது 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். அடுத்து எண்ணெய், கடைசியாக ஷியா. ஊற்றும் முன் ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுத்தால் எண்ணெய் இரண்டு கிராம் கூட்டுங்கள், குழைந்தால் மெழுகு ஒரு கிராம். ஷியா மெதுவாக ஆறினால் மணல்மணலாகத் திரியும். அப்படி ஆனால் மறுபடி உருக்கி, ஊற்றியவுடன் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும்.

பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. இதில் பதப்படுத்தி எதுவும் இல்லாததால் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். எலுமிச்சைச் சாறு, வாசனை எண்ணெய் எதுவும் சேர்க்காதீர்கள். தேன்மெழுகோடு வரும் புரோபொலிஸ் (தேனீக்கள் கூட்டில் பூசும் பிசின்) சிலருக்கு ஒவ்வாது. முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு முறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரித்துச் சிவந்தால் உதட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெடிப்பு ஆறும்வரை ஜெல்லி, ஆறிய பிறகு இந்த பாம் என்பது நல்ல வரிசை.

காற்றாடி

நன்றி. வாயின் இரண்டு ஓரங்களிலும் லேசாகப் பிளவு இருக்கிறது. வெயிலில் நிறைய நேரம் இருக்க வேண்டிய வேலை. இதற்கும் ஜெல்லி போதுமா?

பதில்: களிம்பு

இரண்டுக்கும் போதாது. ஓரப் பிளவு தனி விஷயம். எச்சில் தேங்கும் இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறுவதால் வருவது அதிகம். அதற்குத் தகுந்த களிம்பு வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் இரும்புச்சத்து, பி வைட்டமின்கள், சர்க்கரை அளவு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்களுக்கு உதடு வறள்வது மிகச் சாதாரணம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெயிலுக்கு எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத லிப் பாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சாப்பிட்ட பின்பும். ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள், வெடிப்பில் பட்டாலும் பெரும்பாலும் எரியாது. கீழுதட்டில் ஒரே இடம் வாரக்கணக்கில் செதில் விட்டுக்கொண்டே இருந்தாலும், அந்த இடம் வெளுத்தாலும் தடித்தாலும், உதட்டுக்கும் முகத்தோலுக்கும் நடுவே உள்ள கோடு மங்கினாலும் தோல் மருத்துவரிடம் காட்டித் தேவையானால் திசுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெயிலால் வரும் இந்த மாற்றம் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். உங்கள் நடு வெடிப்பையும் அப்போதே காட்டிவிடுங்கள்.