பேர்கன் கலியாணப் பயணம் (குடும்பக் குழு)

நான்: எல்லாருக்கும் வணக்கம். கலியாணம் சனிக்கிழமை, நோர்வேயில் பேர்கனில். எந்தக் கப்பல் என்று இன்றைக்கே முடிவெடுப்போம். ஜூலையில் ஆளுக்கு இடம் கிடைக்கும், காருக்குக் கிடைக்காது.

அத்தான்: இதில் யோசிக்க என்ன இருக்கு? ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் இருந்து ஒஸ்லோ. பகல் 2 மணிக்கு ஏறினால் மறுநாள் காலை 10 மணிக்கு இறங்கலாம். படுத்துக்கொண்டே போகலாம்.

நான்: கலியாணம் ஒஸ்லோவில் இல்லையே அத்தான். அங்கேயிருந்து பேர்கன் இன்னும் 460 கிலோமீற்றருக்கு மேல். மலைப்பாதை. கூகிள் மப் ஏழெட்டு மணித்தியாலம் காட்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பத்தாகும்.

பேர்கன் சித்தி: தம்பி சொல்வதுதான் சரி. தெற்கால வாங்கோ.

நான்: தெற்கு வழி இதுதான். டோர்ட்முண்டில் இருந்து ஹம்பேர்க், ஃப்ளென்ஸ்பேர்க். பிறகு டென்மார்க்கில் ஈ45 நெடுஞ்சாலை பிடித்து ஒல்போர்க், அங்கே ஈ39. இந்த ஈ39 ஹிர்த்ஷால்ஸ் துறைமுகத்தில் கடலுக்குள் போய், அக்கரையில் கிறிஸ்தியான்சான்டில் அதே இலக்கத்தோடு ஏறுகிறது. ஸ்தவாங்கர், பேர்கன் எல்லாம் அதில்தான். கடலில் மூன்றேகால் மணித்தியாலம்.

அம்மா: தம்பி, நயினாதீவுப் படகு மாதிரி ஆடுமோ?

நான்: அவ்வளவு ஆடாது அம்மா. கார், லொறி எல்லாம் ஏற்றுகிற பெரிய கப்பல். ஆனால் ஸ்கேகராக் கடலில் காற்றடித்தால் பெரிய கப்பலும் ஆடும். சத்திக் குளிசையை ஏறுவதற்கு முன்னமே போடவேண்டும், ஆடத் தொடங்கின பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. இடமும் நடுவில் பார்த்து இருப்போம், முன்னுக்கு வேண்டாம்.

லண்டன் மாமா: மருமகன், நாங்கள் முன்னம் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தில் இருந்து நேரே டென்மார்க்குக்குக் காரோடு போனோமே. அதில் வந்து உங்களோடு சேரட்டோ?

நான்: அந்த எஸ்பியர்க் கப்பலை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள் மாமா.

லண்டன் மாமா: அப்ப நியூகாசில் – பேர்கன்?

நான்: அது 2008இல் நின்றது 🙂 இப்ப இங்கிலாந்தில் இருந்து நோர்வேக்குக் கார் ஏற்றுகிற கப்பலே இல்லை. ஹாரிச்சில் இரவு ஏறுங்கோ, காலையில் ஹொலண்டில் ஹூக் துறைமுகம். அங்கேயிருந்து டோர்ட்முண்ட் மூன்று மணித்தியாலம். திங்களே வந்து அக்கா வீட்டில் படுங்கோ.

லண்டன் மாமா: நல்லது. மாமி மட்டன் ரோல்ஸ் 100 போட்டுத் தருவதாகச் சொல்கிறாள்.

நான்: இறைச்சி, பால் சாமான் ஒன்றும் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவர ஏலாது மாமா. பிரெக்ஸிற்றுக்குப் பிறகு துறைமுகத்திலேயே பறித்து எறிவார்கள்.

பெரியக்கா: மாமியைக் கையை வீசிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. செவ்வாய் விடிய முன்னம் என் குசினியில் போடுவோம். ஜெர்மனியில் இருந்து நோர்வேக்குக் கொண்டுபோகலாம்தானே?

பேர்கன் சித்தி: ஓம். இறைச்சியும் சீஸும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ வரை விடுவார்கள். மரக்கறியும் கொண்டுவரலாம். ஆனால் பச்சை உருளைக்கிழங்கு மட்டும் காரில் இருக்கவே கூடாது, அதற்குத் தடை.

அத்தான்: சரி, ஹிர்த்ஷால்ஸ். செவ்வாய் இரவு வெளிக்கிட்டு ஒரே ஓட்டமாக ஓடுவோம். எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம்.

நான்: 850 கிலோமீற்றர் அத்தான். ஹம்பேர்க்கில் எல்ப் சுரங்கத்தில் ஒரு மணித்தியாலம் நிற்காத நாள் உண்டோ? கப்பல் நமக்காக நிற்காது. செவ்வாய் காலை வெளிக்கிட்டு ஒல்போர்க்கில் படுப்போம். புதன் கப்பல், பின்னேரம் ஸ்தவாங்கர். வியாழன் பேர்கன். காற்றால் புதன் கப்பலை மறித்தாலும் கையில் ஒரு நாள் இருக்கும். மணமகளின் பெரியப்பா துறைமுகத்தில் நின்று வீடியோவில் தாலிகட்டுப் பார்க்க ஏலாது.

பேர்கன் சித்தி: 😂😂 அத்தான், லீவைப் போடுங்கோ.

அத்தான்: சரி சரி, போடுகிறேன்.

பெரியக்கா: வியாழனும் கப்பல் இருக்காமே? அதையும் இப்பவே எடுக்கவேண்டாமோ?

நான்: அது சின்ன ஃபெரி அக்கா. ஸ்தவாங்கருக்கும் பேர்கனுக்கும் நடுவில் இரண்டு. மோர்தவிக்கா – ஆர்ஸ்வோகன் 25 நிமிடம், பிறகு சான்ட்விக்வோக் – ஹால்யெம் முக்கால் மணித்தியாலம். முன்பதிவு வேண்டாம். வரிசையில் நின்றால் ஏற்றுவார்கள், கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுத்துப் பிறகு பில் அனுப்பும். ஒன்று தவறினாலும் அடுத்தது வரும்.

பேர்கன் சித்தி: பிள்ளைகளுக்கு ஃபெரியில் ஸ்வெலே வாங்கிக் கொடுங்கோ. தடிப்பான தோசை மாதிரி, இனிப்பு. இரண்டாக மடித்து உள்ளே மண்ணிறச் சீஸ் வைத்துத் தருவார்கள். சூட்டோடு சாப்பிடவேண்டும்.

பெரியக்கா: சுரங்கமும் இருக்கோ? எனக்கு நெஞ்சு படபடக்கும்.

நான்: இருக்கு அக்கா. ஸ்தவாங்கரை விட்டதும் ஒன்று, கடல்மட்டத்தில் இருந்து 223 மீற்றர் கீழே போகும். பொம்லா கடலிடுக்கின் கீழே இன்னொன்று, 260 மீற்றர் ஆழம், எட்டுக் கிலோமீற்றர் நீளம். இறங்கும்போது கார் தானாக வேகம் எடுக்கும். இரண்டு கமரா வைத்துச் சராசரி வேகம் பார்க்கிற சுரங்கங்களும் உண்டு. நோர்வேத் தண்டத்தைக் கட்டினால் மொய்க்குக் காசு மிஞ்சாது.

பெரியக்கா: நான் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்கிறேன். ஓட்டுகிறவர் மூடாமல் இருந்தால் போதும்.

லண்டன் மாமா: கப்பலில் வரியில்லாக் கடை இருக்குமே, அத்தானும் நானும்...

நான்: வாங்குங்கோ, திறக்கவேண்டாம். நோர்வேயில் கார் ஓட்டுகிறவரின் இரத்தத்தில் மதுசாரம் 0.2 புரொமில்தான் (ஆயிரத்துக்கு 0.2) எல்லை. ஒரு பியர் குடித்தாலும் ஸ்டியரிங் எனக்கு.

அம்மா: என் குளிசைப் பெட்டி டிக்கியில் இருக்கட்டும்.

நான்: வேண்டாம் அம்மா, கைப்பையில் வையுங்கோ. கப்பல் வெளிக்கிட்டால் கார்த்தட்டைப் பூட்டிவிடுவார்கள், கீழே இறங்க விடமாட்டார்கள். எல்லாரும் ஜக்கெற்றையும் கையோடு எடுங்கோ.

நான்: அத்தான், கூரைப்பெட்டி போடுகிறீர்களோ? கப்பல் ரிக்கெற் காரின் உயரத்தையும் நீளத்தையும் பார்த்துத்தான். பெட்டியோடு அளந்து சொல்லுங்கோ, குத்துமதிப்பு வேண்டாம்.

அத்தான்: இப்ப வெளியில் மழை.

பெரியக்கா: குடையை நான் பிடிக்கிறேன், எழும்புங்கோ.

அத்தான்: 2 மீற்றர் 3 சென்ரிமீற்றர். நனைந்துவிட்டேன்.

நான்: நன்றி அத்தான். அக்கா, கார் இலக்கத்தை ஒருக்கால் அனுப்புங்கோ. இப்பவே எடுத்துவிடுகிறேன்.

பெரியக்கா: [படம்]

நான்: அக்கா, இது நீங்கள் போன வருசம் விற்ற கார்.